மவுண்டன் பைக்: புதியதா, கைமாறியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுண்டன் பைக் வாங்கப்போகும் எவரும் முதலில் தடுமாறி நிற்கும் இடம் இதுதான். இரண்டு வகையும் வாங்கியிருக்கிறேன், ஓட்டியிருக்கிறேன், பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தும் இருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன். இங்கே பைக் என்பது காலால் மிதிக்கும் சைக்கிள். மோட்டார் வைத்தது பற்றி ஒரே ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

ஒரே வரியில் பதில் சொல்ல முடியுமா?

முடியும். உங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் அல்லது தெரிந்த ஒருவர் கூட வருவார் என்றால் பழையது. இரண்டும் இல்லையென்றால் பின்பக்க சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, இல்லாத எளிமையான புதியது.

கையிலிருக்கும் பணத்தைவிட இதுதான் முக்கியம். பழைய சைக்கிளின் விலை குறைந்திருப்பதற்குக் காரணமே, அதில் யாரோ செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்பதுதான். அந்த யாரோ நீங்களாக இருந்தால் லாபம் உங்களுடையது. மெக்கானிக்காக இருந்தால் லாபத்தில் பெரும்பங்கு அவருடையது.

பழையது வாங்கினால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

நினைப்பதைவிடக் குறைவாக. யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதை இங்கே தினமும் நடக்கிறது.

ஒரு கணக்குக்காக, புதியதன் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே மாடல் சில ஆண்டுகள் ஓடியபின் 55 பங்குக்குக் கிடைக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செயின் தேய்ந்திருப்பது தெரிகிறது. செயினை மாற்றினால் பின் பற்சக்கரத் தொகுதியான கேசட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. டயர் வெடித்திருக்கிறது, பிரேக் பேட் கரைந்திருக்கிறது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் எண்ணெய் மாற்றி நாளாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து 20 பங்கு. ஆக மொத்தம் 75. மிச்சம் 45 என்று கிளம்பியவர் 25-இல் வந்து நிற்கிறார். அதுவும் நல்ல மிச்சம்தான். ஆனால் கிளம்பும்போதே தெரிந்திருந்தால் பேரம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

புதியதற்கும் மறைசெலவு உண்டு. நல்ல தரத்துப் புதிய மவுண்டன் பைக்குகள் பல பெடல் இல்லாமலே விற்கப்படுகின்றன. முதல்முறை வாங்குகிறவர் கடையில் இதைக் கேட்டுத் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவர்கள் அவரவருக்குப் பிடித்த பெடலை மாட்டிக்கொள்வார்கள் என்பது காரணம். ஹெல்மெட், பம்ப், பஞ்சர் சாமான் ஆகியவை எதை வாங்கினாலும் ஆகும் செலவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆறு மாதத்தில் இந்தப் பழக்கம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், பழையதை வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்றுவிடலாம். புதியதன் முதல் பெரிய விலைச்சரிவை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

பழைய சைக்கிளின் விலைக்கே முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த புத்தம்புதியது கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். இந்தப் பக்கத்திலேயே நான் மிக உறுதியாகச் சொல்லும் பதில் இது.

சஸ்பென்ஷன் என்பது வெறும் ஸ்பிரிங் அல்ல. அழுந்திய ஸ்பிரிங் திரும்பி வரும் வேகத்தை அடக்க உள்ளே எண்ணெய் ஓடும் டேம்பர் வேண்டும். பின்பக்கம் அசையும் மூட்டுகளில் தரமான பேரிங் வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்யப் பணம் பிடிக்கும். மிக மலிவான சைக்கிளில் அந்தப் பணம் எங்கிருந்தும் வரவில்லை. ஆகவே வெறும் ஸ்பிரிங்கை வைத்து, கனமான இரும்பைச் சேர்த்து, கண்ணைப் பறிக்கும் நிறம் பூசிவிடுகிறார்கள். மேட்டில் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அந்த ஸ்பிரிங் தின்னும்; இறக்கத்தில் குதிரைபோல் உதைக்கும்.

அதன் கையேட்டைப் படித்துப் பாருங்கள். சைக்கிளை எந்தப் பாதைக்குச் செய்தார்கள் என்பதை வகைப்படுத்தும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற தரநிலை இருக்கிறது. அதில் 1-ஆம் வகை தார்ச்சாலை, 2-ஆம் வகை மண்சாலையும் சிறு மேடுபள்ளமும், 3-ஆம் வகைதான் கரடுமுரடான காட்டுப்பாதை. மலைச் சைக்கிள் போலத் தோன்றும் மலிவான வண்டிகளில் பலவற்றின் கையேடு 2-ஆம் வகையோடு நின்றுவிடும். கரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று பொடி எழுத்தில் எழுதியும் இருக்கும். பெயரில்தான் மலை, பயணம் தெருமுனை வரை.

அதே பணத்துக்கு, முன் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல பழைய சைக்கிள் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். இந்த வகையைத்தான் ஹார்ட்டெயில் என்கிறோம்.

மலையேறப் பழைய சைக்கிளை நம்பலாமா?

மவுண்டன் பைக் என்பதே பழைய சைக்கிளில் பிறந்தது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள் 1930, 40-களில் செய்த கனத்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு மலையிலிருந்து இறங்கினார்கள். 1976-இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபேக்’, அதாவது ‘திரும்ப அடைப்பது’ என்று பெயர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், அந்த இறக்கத்தில் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸைப் புகைய வைத்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பின்சக்கர அச்சைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பெயர் அப்படி வந்தது. மலைக்கென்றே ஒரு ஃபிரேமை அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் செய்தது 1977-இல்தான். தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரான ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் 1981-இல் வந்தது.

அவர்கள் அந்தச் சைக்கிள்களை நம்பியதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்த்தது. நீங்களும் அதைச் செய்தால் நம்பலாம்.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதால் பயனில்லை. அவருக்கே தெரியாது, தெரிந்தாலும் மழைச் சேற்றில் ஓடிய 100 கிலோமீட்டரும் காய்ந்த பாதையில் ஓடிய 100 கிலோமீட்டரும் ஒன்றல்ல. மணலும் சேறும்தான் பாகங்களை அரைப்பவை.

நான் மூன்றைத்தான் கேட்பேன். கடைசியாக எந்தப் பாகத்தை மாற்றினீர்கள்? ஃபோர்க்கை எப்போது பிரித்துச் சுத்தம் செய்தீர்கள்? ஏன் விற்கிறீர்கள்? முதல் கேள்விக்குப் பட்டென்று “போன மாதம் செயினும் பின் டயரும்” என்று பதில் வந்தால், சைக்கிளைக் கவனித்த கை அது. “எதையும் மாற்றியதில்லை, அவ்வளவு நல்ல வண்டி” என்று பெருமையாகச் சொன்னால் ஜாக்கிரதை. தேயும் பாகத்தை மாற்றாதவர் அந்தச் செலவை உங்களுக்காகச் சேர்த்துவைத்திருக்கிறார்.

நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் தொட்டுப் பார்ப்பது?

பகலில் போங்கள். ஆறு அங்குல அளவுகோல் போதாது, பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் நீளமுள்ளதாக ஒன்று, ஓர் அலன் கீ செட், ஒரு பழைய துணி. இவ்வளவுதான் ஆயுதம்.

முதலில் தூர நின்று பாருங்கள். கைப்பிடியின் நுனி, சீட்டின் பக்கவாட்டு, பெடலின் வெளிவிளிம்பு ஆகிய மூன்றும் விழுந்தால் தரையைத் தொடும் இடங்கள். அங்கே சிராய்ப்பு இருப்பது குற்றமில்லை, மலையில் ஓட்டினால் விழத்தான் செய்வோம். “ஒருமுறைகூட விழுந்ததில்லை” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் அங்கே சிராய்ப்பு இருந்தால்தான் குற்றம்.

அடுத்து முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று தட்டினால் அங்குள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போய்விடக்கூடும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்று நின்று திரும்பினால் பேரிங் குழி விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பெடல்களைத் தாங்கும் கைகளான இரண்டு கிராங்குகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு சக்கரங்களையும் அதேபோல். பின்பக்க சஸ்பென்ஷன் இருந்தால் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன் சிறு ஆட்டம் தெரிந்தால் மூட்டு பேரிங்குகளோ ஷாக்கின் புஷ்களோ போயிருக்கின்றன. மூட்டு பேரிங் முழு செட்டும் மாற்றுவது சின்ன வேலை அல்ல.

சக்கரத்தைச் சுழலவிட்டு பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கண்ணை வையுங்கள். லேசான கோட்டம் எடுத்துவிடலாம். ரிம்மில் ஆரக்கம்பி நுழையும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் அது கோட்டம் அல்ல, ரிம்மின் ஆயுள் முடிந்த அறிகுறி. டிஸ்க்கின் கனத்தையும் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்தால் மாற்றச் சொல்கிறார்கள். விரல் நகத்தை டிஸ்க்கின் மேல் ஓட்டினால் ஓரத்தில் படிபோல் தட்டுகிறதா என்று தெரியும்.

ஹைட்ராலிக் பிரேக் என்றால் லீவரை இறுக்கி அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். மெதுவாகக் கைப்பிடியை நோக்கிச் சரிந்தால் எங்கோ கசிகிறது. பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, அதை எடுத்துவிடலாம்.

கடைசியாக, சீட் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். இதை எல்லோரும் மறக்கிறார்கள். நானும் மறந்தேன். இரும்பு ஃபிரேமில் அலுமினியக் கம்பி. பல வருடமாக யாரும் அசைக்காமல் வியர்வையும் மழையும் இறங்கி இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன. வீட்டுக்கு வந்து சீட்டை உயர்த்தப் பார்த்தபோதுதான் தெரிந்தது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டேன், சுத்தியலால் தட்டினேன், குழாய் ரென்ச் போட்டுத் திருகினேன். கம்பியின் தலை நெளிந்ததே தவிர ஒரு நூலும் நகரவில்லை. முடிவில் மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குழாயின் உள்ளிருந்து கம்பியை நீளவாக்கில் கீறி எடுத்தேன். ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஒரு வாரம் இருந்தது.

செயின் தேய்ந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் சைக்கிளின் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பல்லுக்கு முன் செயின்.

செயினின் ஒவ்வொரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே சரியாக அரை அங்குலம். ஆகவே ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் பூஜ்யத்தை வைத்தால் 24 கண்ணி தள்ளியுள்ள ஊசியின் நடு 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். துணியால் துடைத்துவிட்டு, பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் தேய்மானம் சுமார் அரை சதவீதம். 11, 12 கியர் செயின்களை அந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுவார்கள். அரைக்கால் அங்குலம் தள்ளியிருந்தால் ஒரு சதவீதம். அப்போது செயின் போனதோடு, அது தன் நீளத்துக்கு ஏற்பக் கேசட்டின் பற்களையும் அரைத்திருக்கும். புதிய செயினைப் போட்டால் தேய்ந்த பல்லில் வழுக்கும். ஆக, இரண்டையும் சேர்த்து விலையில் கழியுங்கள்.

பல் தேய்ந்தால் சுறாவின் முதுகுத்துடுப்பு போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகும். பார்வைக்குச் சந்தேகமாக இருந்தால் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். சமதரையில் ஒழுங்காக ஓடும் செயின், எழுந்து நின்று அழுத்தி மிதிக்கையில்தான் துள்ளும்.

பின்னாலிருந்து பார்க்கும்போது கியர் மாற்றும் டீரெய்லர் கேசட்டுக்கு நேர் கீழே செங்குத்தாகத் தொங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்திருக்கிறது. பெரும்பாலான அலுமினிய, கார்பன் ஃபிரேம்களில் அந்தத் துண்டு தனியாக மாற்றக்கூடியது. விழுந்தால் ஃபிரேமுக்குப் பதில் அது வளையட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

ஃபோர்க் நன்றாக அமுங்குகிறது. அது போதுமா?

போதாது. ஃபோர்க்கின் மேல்குழாய்களை ஒரு துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். பளபளப்பான பூச்சு தேய்ந்து வெளிறிய பட்டை தெரிந்தால் உள்ளே எண்ணெய் வற்றியபின்னும் ஓட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக இருக்கும்; குனியாமல் தெரியாது. நகத்தில் தட்டும் கீறலும் அப்படியே, சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ராக்ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்குழாயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே அரை வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடும். நான் பார்த்த பழைய சைக்கிள்களின் உரிமையாளர்களில் பாதிப்பேருக்கு ஃபோர்க்கைப் பிரிக்க முடியும் என்பதே புதுச்செய்தி. மேல்குழாய் சுத்தமாக இருந்தால் எண்ணெய் மாற்றும் செலவோடு முடியும். பூச்சு போயிருந்தால் ஃபோர்க்கின் விலையையே கழித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

ஃபிரேமில் எங்கே விரிசல் வரும்?

ஹேண்டில் கழுத்தும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங், பெடல் அச்சுப் பெட்டியைச் சுற்றியுள்ள வெல்டிங், சீட் கம்பி நுழையும் வாய், பின்சக்கர அச்சு உட்காருமிடம். துடைத்துவிட்டுப் பாருங்கள். பெயின்ட் மட்டும் வெடித்திருக்கிறதா, உலோகமா என்பது சந்தேகமாக இருந்தால் உலோகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு விரிசல் விட்டாலும் வெல்டிங் வைக்கலாம். அலுமினியத்துக்கு அந்த வசதி குறைவு. வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகம் வலுவிழக்கும், தொழிற்சாலையில் செய்த வெப்பச் சிகிச்சையைத் திரும்பச் செய்தால்தான் சரியாகும். சில பத்தாயிரம் உதைகளை வாங்கிய அலுமினியத்தில் வலுக்குறைவு வெளியே தெரியாமல் சேர்ந்துகொண்டே வரும் என்பதும் உண்மை. பந்தயத்திலும் பெரிய தாவல்களிலும் அடிபட்ட பழைய அலுமினிய ஃபிரேமை நான் தொடுவதில்லை.

கார்பன் ஃபிரேம் பழையதாக வாங்கலாமா?

உங்களுடைய முதல் சைக்கிள் என்றால் வேண்டாம். உலோகம் நெளியும், காட்டிக்கொடுக்கும். கார்பன் மேலே ஒன்றுமே தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கணீரென ஒலிக்கும், பிரிந்த இடத்தில் ‘தொப்’பென்று மழுங்கும் என்பார்கள். பானையைத் தட்டி வாங்கும் அதே உத்திதான். ஆனால் குழாயின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் பழகாத காதுக்கு எல்லாமே ‘தொப்’பென்றுதான் கேட்கும். கார்பனைச் சரிசெய்யும் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் அவர்களிடம் காட்ட விற்பவர் சம்மதித்தால் பார்க்கலாம்.

எத்தனை வருடம் பழையது வரை வாங்கலாம்?

வருடத்தை எண்ணுவதைவிட அளவுகளைப் பாருங்கள். மவுண்டன் பைக் உலகம் அடிக்கடி அளவை மாற்றிவிட்டுப் பழையதை அநாதையாக்கும் பழக்கமுடையது. இதில் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு.

சக்கரம் முன்பு 26 அங்குலம். பிறகு 29 வந்தது, அதன்பின் 27.5 வந்தது, இன்று நல்ல டயர்களும் ஃபோர்க்குகளும் பெரும்பாலும் பிந்தைய இரண்டுக்கே வருகின்றன. பின்சக்கர அச்சு 135 மில்லிமீட்டரில் இருந்து 142-க்கும் அங்கிருந்து ‘பூஸ்ட்’ என்ற பெயரில் 148-க்கும் போனது. ஃபோர்க்கின் கழுத்துத்தண்டு மேலிருந்து கீழ்வரை ஒன்றே அரைக்கால் அங்குலமாக இருந்தது, இப்போது கீழே ஒன்றரை அங்குலமாக விரிகிறது. பழைய நேர்க்கழுத்து ஃபிரேமில் புதிய ஃபோர்க் ஏறுவது கடினம்.

ஆகவே 29 அல்லது 27.5 சக்கரம், சக்கரத்தின் ஊடாகப் போய் இறுகத் திருகும் முழு அச்சு, கீழே விரியும் கழுத்து, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் ஆகிய நான்கும் இருந்தால் எந்தப் பாகம் போனாலும் மாற்று கிடைக்கும். 26 அங்குலச் சைக்கிளும் ஓடத்தான் செய்யும். மிக மலிவாக, நல்ல நிலையில் கிடைத்தால் மண்சாலைக்கு எடுக்கலாம். அதில் பணம் போட்டு மேம்படுத்த மட்டும் இறங்காதீர்கள்.

வடிவமும் மாறியிருக்கிறது. பழையவற்றில் முன் ஃபோர்க் தரையோடு 70, 71 டிகிரி நிமிர்ந்திருக்கும். இப்போதைய காட்டுப்பாதைச் சைக்கிள்களில் 64 முதல் 66 வரை சாய்ந்திருக்கும். சக்கரம் உங்களுக்கு வெகு முன்னால் இருப்பதால் செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் குறையும். புதியதற்காக நான் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம் இதுதான். கியர் எண்ணிக்கை அல்ல.

திருட்டுச் சைக்கிளாக இருந்தால்?

பெரும்பாலும் பெடல் அச்சுப் பெட்டியின் அடியில் சீரியல் எண் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ரசீது கேளுங்கள், இல்லையென்றால் அவர் அந்தச் சைக்கிளோடு நிற்கும் பழைய புகைப்படமாவது இருக்கும். உயரமான ஆள் சின்ன ஃபிரேமை ‘என் சைக்கிள்’ என்று விற்றால் அதையும் யோசியுங்கள்.

வாரண்டி கிடைக்குமா?

பெரும்பாலான நிறுவனங்களின் ஃபிரேம் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். சிலர் கைமாறினாலும் தருகிறார்கள், வாங்கும் முன் அந்த மாடலின் வாரண்டி விதியைப் படித்துவிடுங்கள். தேயும் பாகங்களுக்கு யாரும் தருவதில்லை.

அப்படியானால் புதியதை எப்போது வாங்குவது?

பழையதைச் சோதிக்க ஆள் இல்லாதபோது. உங்கள் உயரத்துக்குச் சந்தையில் பழையது வராதபோது, மிகக் குள்ளமானவர்களும் மிக உயரமானவர்களும் இதில் பாவம். அடிக்கடி விழப்போகிற, வேகமாக இறங்கப்போகிற ஓட்டம் உங்களுடையது என்றால் வாரண்டிக்காகவும்.

புதியதிலும் சென்ற ஆண்டு மாடலைத் தேடுங்கள். பெரும்பாலும் நிறம்தான் மாறியிருக்கும், கடைக்காரருக்கோ இடத்தைக் காலிசெய்ய வேண்டும். வாடகைக்கும் சோதனை ஓட்டத்துக்கும் விட்ட சைக்கிள்களைப் பருவம் முடிந்ததும் விற்பார்கள். அடி வாங்கியிருக்கும், ஆனால் ஒழுங்காகப் பராமரித்திருப்பார்கள். பழைய சைக்கிள்களுக்குப் பார்ப்பது அத்தனையும் அதிலும் பார்க்க வேண்டும்.

பெட்டியில் வரும் புதியதை நானே பூட்டலாமா?

பூட்டலாம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. முன் ஃபோர்க்கைப் பின்னோக்கித் திருப்பி மாட்டிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், தெருவில் இப்படி ஓடும் சைக்கிள்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர், அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி, ஓட்டுகிறவருடைய இடப்பக்கம், ஃபோர்க்குக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அளவு கொஞ்சம் பெரியது, ஆனால் விலை அருமை. எடுக்கலாமா?

கூடாது. செயினை மாற்றலாம், டயரை மாற்றலாம், ஃபிரேமின் நீளத்தை மாற்ற முடியாது. பழையது வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் தேய்மானம் அல்ல, இதுதான்.

குழந்தைகளுக்கு?

பழையதுதான். தேய்வதற்குள் வளர்ந்துவிடுவார்கள். எடை குறைந்ததாகப் பாருங்கள். குழந்தைச் சைக்கிளில் முன் சஸ்பென்ஷன் வெறும் கனம்.

மோட்டார் வைத்தது பழையதாகக் கிடைக்கிறது, எப்படி?

பேட்டரியின் எஞ்சிய கொள்ளளவை அந்நிறுவனத்தின் சர்வீஸ் கருவியில் போட்டுக் காட்டினால் மட்டும். எத்தனை முறை சார்ஜ் ஏறியது என்பதையும் பல மோட்டார்கள் பதிந்து வைத்திருக்கும். காட்ட முடியாவிட்டால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். அவர் சம்மதிக்க மாட்டார்.

பழையதை வாங்கியாயிற்று. முதல் வாரம் என்ன செய்வது?

மலைக்குப் போகாதீர்கள். டயர் டியூப்லெஸ் என்றால் உள்ளே ஊற்றும் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், புதிதாக ஊற்றுங்கள். பிரேக் திரவத்தை மாற்றுவதாக இருந்தால் லீவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஷிமானோவில் மினரல் ஆயில், ஸ்ராமில் பெரும்பாலும் டாட் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும், பிரேக் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சீட் கம்பியை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கார்பன் கம்பி அல்லது கார்பன் ஃபிரேம் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பசை தனி. பெடல்களையும் கழற்றி, மரையில் கிரீஸ் தடவுங்கள். வலது பெடல் வழக்கம்போலக் கழலும். இடது பெடல் எதிர்த்திசை மரை. கழலவில்லையே என்று பலங்கொண்ட மட்டும் திருகுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம். திரும்பி வந்ததும் ஹேண்டில், சீட், அச்சு, கிராங்க் எல்லாவற்றின் போல்ட்டையும் இன்னொரு முறை அலன் கீயால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று கால் திருகாவது இறங்கும்.